பிரிபடாத பாகம்

எண்பத்தேழு என்கிறது பத்திரம்.
இல்லை, எண்பத்தாறு என்கிறார் சடகோபன்.
ஒரு வருஷம் கூடினால்
ஒன்றரை சதவீதம் போகும்.
தன் வீட்டு வயதைக்
கூட்டிச் சொல்லும் ஆளை
இந்த வேலையில் இன்றுதான் பார்க்கிறேன்.
"பால் காய்ச்சினது எண்பத்தாறு ஆவணி சார்.
ஜன்னலுக்குக் கதவு வரல.
கோணி கட்டிட்டுப் படுத்தோம்."

ஜாபர்கான்பேட்டை,
ஆற்றிலிருந்து நாலாவது தெரு.
மூன்று தளம், பன்னிரண்டு வீடு, லிஃப்ட் இல்லை.
வங்கி அனுப்பிய ஆள் நான்.
டேப், ஒரு சின்னச் சுத்தியல்,
வெயிலில் சூடேறி
அடிக்கடி அணைந்துபோகும் போன்.

சுவரைத் தட்டுவேன்.
நல்ல பூச்சு ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளும்.
உள்ளே விட்டுப்போனது
கொஞ்சம் இழுத்துப் பேசும்.
பால்கனிக்கு மேலே
துருவேறிய கம்பி சிமெண்டைத் தள்ளிவிட்டு
தெருவை எட்டிப் பார்க்கிறது.
அதைப் படம் எடுத்தேன்.
"அது மழைக்கு முன்னாடி பூசிடுவேன்" என்றார்
எந்த மழை என்று சொல்லாமல்.

பின்னாலேயே வருகிறார்.
குழாய் எல்லாம் ரெண்டாயிரத்து ஒன்பதில் மாற்றியதாம்.
கிரில், மச்சினன் அம்பத்தூரில் அடித்துக் கொடுத்ததாம்.
"மொசைக்கைப் பாருங்க, ஒரு கீறல் உண்டா?"
இல்லை. கண்ணாடி.
'தரை: பழைய மோஸ்தர்' என்று எழுதினேன்.
சதுர அடிக்கு நூறு ரூபாய்
அந்த இரண்டு சொல்லில் இறங்கியது.

கட்டடத்தின் ஆயுள் அறுபது.
ஆனது முப்பத்தேழு.
மிச்சத்தைப் பெருக்கி வகுத்துக் கழித்தால்
நூற்றுக்கு நாற்பத்து நாலரை நிற்கிறது.
செங்கல்லும் கதவும் அவர் கட்டிய தவணையும்
எல்லாம் சேர்ந்துதான் அது.
அவர் முகத்தைப் பார்க்காமல்
அடுத்த பக்கத்துக்குப் போனேன்.
அடுத்த பக்கத்தில் மண்.
அது பதினெட்டு மடங்கு ஏறியிருக்கிறது
ஒரு வேலையும் செய்யாமல்.

"பிரிபடாத பாகம் முந்நூத்தித் தொண்ணூத்தாறு சதுர அடின்னு
போட்டிருக்கே,
அது எங்க இருக்கு?" என்றாள் அவர் மனைவி வைதேகி
அடுக்களையிலிருந்து.
எங்கேயும் இருக்கும்மா, எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம்.
"செப்டிக் டேங்க்குக்கு அடியிலயா?"
அங்கேயும்.
"அப்போ மாடியில முப்பத்தேழு வருஷமா
நான் பெருக்கினது?"
அது கட்டடம்மா.
அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு
வேறு எதையோ தேடப் போய்விட்டாள்.

இறங்கி வந்து தரைத்தளம்.
மார்பளவில் ஒரு பழுப்புக் கோடு
சுவரைச் சுற்றி ஓடுகிறது.
மூன்று தடவை வெள்ளையடித்தும்
பெருவெள்ளம் தன் கையெழுத்தை விடவில்லை.
முன்னறையில் வாடகைக்கு இருக்கும் ஷமீம்
தையல் மெஷினைச் செங்கல் அடுக்கி
அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை தூக்கியிருக்கிறாள்.
மிதியை நிறுத்தாமல் கேட்டாள்:
"பழசாக ஆக விலை கொறையும்னு
மேல சொல்லிட்டிருந்தீங்க, காதுல விழுந்துச்சு.
எனக்கு மட்டும் ஏன் சார்
வருஷத்துக்கு ஐந்நூறு ஏறுது?"

பதினாறு வருஷமாய் இந்தக் கணக்குப் போடுகிறேன்.
ஏறும் வாடகையும் இறங்கும் சுவரும்
ஒரே வாசலில் எதிரெதிரே போவதை
நானும் பார்த்திருக்கிறேன்தான்.
சந்தை நிலவரம் என்று ஏதோ சொன்னேன்.
அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

வண்டியை எடுக்கும்போதுதான் தெரிந்தது
சுத்தியலை மேலேயே வைத்துவிட்டேன்.
அதற்குள் மாடிப்படியில் சத்தம்.
சடகோபன் அதை எடுத்துக்கொண்டு இறங்குகிறார்,
சும்மா இறங்கவில்லை,
சுவரில் தட்டிக்கொண்டே.
டக். டக். டக்.
இரண்டாம் தளத் திருப்பத்தில்
ஒரு தட்டு இழுத்துப் பேசியது.
காலடி நின்றது.
பிறகு அதே இடத்தில்,
தூங்குகிறவரை எழுப்பாத மாதிரி,
இன்னொரு தட்டு.